வீட்டுக்கு வருகிறது மின்சாரக் கார்! பெட்டியை எங்கே மாட்டுவது?

கார் வாங்குவது என்று முடிவாகிவிட்டது. என்ன நிறம் என்பதும் முடிவாகிவிட்டது. ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் அந்த வீட்டில் விடை கிடைக்கவில்லை. மூன்று நாளாகப் பேச்சு! நடுநடுவே சண்டை!

கேள்வி இதுதான்: காருக்கு மின்சாரம் ஏற்றும் பெட்டியில் எதை வாங்குவது? வாங்கினால் அதை எங்கே மாட்டுவது?

அது என் அக்காவின் வீடு. சடையங்குப்பத்தில் இருக்கிறது. மணலிக்கு அருகே, கொசஸ்தலை ஆற்றை ஒட்டிய ஊர். 2011-ம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. பக்கத்து மணலியில் 1969-ம் ஆண்டு முதல் பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலை ஓடுகிறது.

"பெட்ரோல் காய்ச்சுகிற ஊரில் இருந்துகொண்டு பெட்ரோல் வேண்டாத கார் வாங்குகிறீர்களே, மாமா!" என்று கேலி செய்தேன்.

"பக்கத்து வீட்டுக்காரன் என்று எனக்கு விலை குறைத்தா கொடுக்கிறார்கள், தம்பி?" என்றார் மாமா. அவர் ஒரு கண்டெய்னர் யார்டில் மேற்பார்வையாளர். போக வர தினமும் 40 கிலோமீட்டர்.

பழைய சங்கதிதான்!

மின்சாரத்தில் ஓடும் வண்டி சென்னைக்குப் புதிது அல்ல. 1895-ம் ஆண்டிலேயே இந்த ஊரில் மின்சார டிராம் ஓடியது. 1953-ம் ஆண்டில் அது நின்றது. இப்போது மறுபடியும் மின்சார பஸ் வந்திருக்கிறது. 2025 ஜூன் மாதக் கடைசியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் புறப்பட்டன.

வீட்டில் வைத்து மின்சாரம் ஏற்றுவதும் பழைய சங்கதிதான். பெட்ரோல் கார் செய்து உலகப் புகழ் பெற்றவர் ஹென்றி போர்டு. அவருடைய மனைவி கிளாரா ஓட்டியது எந்தக் கார் தெரியுமா? மின்சாரக் கார்! 1914-ம் ஆண்டு கார் அது. வேறு கம்பெனிக்காரர் செய்தது! அந்தக் காலத்து அமெரிக்காவில் கார் கொட்டகையிலேயே மின்சாரம் ஏற்றும் கருவிகள் விற்பனையில் இருந்தன.

நம் நாட்டில் 2001-ம் ஆண்டு பெங்களூரில் "ரேவா" என்ற சின்னக் கார் வந்தது. அதற்குத் தனிப் பெட்டி எதுவும் தேவைப்படவில்லை. வீட்டில் கிரைண்டர், கீசர் போடுகிற 15 ஆம்பியர் பிளக் போதும் என்றார்கள்.

பெட்டி என்பது காவல்காரன்!

கடைக்காரர் மாமாவிடம் சொன்னது வேறு. "பெரிய பெட்டியாகப் போட்டுவிடுங்கள், சார். 11 கிலோவாட். சீக்கிரம் ஏறும்" என்றாராம்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஆகவே இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள்.

நம் வீட்டுக் கம்பியில் வருவது மாறு மின்சாரம். பேட்டரிக்குள் போக வேண்டியது நேர் மின்சாரம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கருவி சுவரில் மாட்டும் பெட்டிக்குள் இருப்பதாக எல்லாரும் நினைக்கிறார்கள். இல்லை! அது காருக்குள் இருக்கிறது. சுவரில் மாட்டும் பெட்டி வெறும் காவல்காரன். "கார் ஒழுங்காக மாட்டியிருக்கிறதா? எர்த் இருக்கிறதா? கசிவு உண்டா?" என்று பார்த்துக் கதவைத் திறந்துவிடும். ஏதாவது தப்பு என்றால் மூடிவிடும். அவ்வளவுதான் அதன் வேலை.

ஆகவே காருக்குள் இருக்கும் கருவி எவ்வளவு வாங்குமோ அவ்வளவுதான் ஏறும். காரின் கருவி 7.2 கிலோவாட் வாங்கக்கூடியது என்றால், 11 கிலோவாட் பெட்டி மாட்டினாலும் அதற்கு மேல் ஏறாது. குழந்தையின் வாய் சிறியது. அண்டா நிறையப் பால் வைத்து என்ன பயன்? சில கார்கள் 3.3 கிலோவாட்டுக்கு மேல் வாங்குவதில்லை. காரின் கையேட்டில் இந்த எண் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். பிறகு கடைக்குப் போங்கள்.

(சாலையோர நிலையங்களில் முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் ஏற்றுகிறார்களே என்று கேட்பீர்கள். அங்கே நிற்பது பெரிய இயந்திரம். மாற்றும் வேலையை அதுவே செய்து, நேராகப் பேட்டரிக்கு அனுப்பிவிடும். வீட்டுக்கு அது வேண்டியதில்லை.)

எவ்வளவு வேண்டும்?

மாமாவுக்கு நான் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். மின்சாரக் கார் ஒரு யூனிட்டில் ஏறக்குறைய 7 கிலோமீட்டர் ஓடும். 40 கிலோமீட்டருக்கு 6 யூனிட் வேண்டும். ஏற்றும்போது கொஞ்சம் வீணாகும். அதையும் சேர்த்தால் ஆறரை.

15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு மூன்று யூனிட்டுக்கு மேல் ஏறும். அதாவது இரண்டு மணி நேரம்! கார் இரவெல்லாம் வாசலில் சும்மாதானே நிற்கப் போகிறது?

பேட்டரி அடியோடு தீர்ந்துபோனால் கதை வேறு. 30 யூனிட் பேட்டரி நிறைய இந்தப் பிளக்கில் 10 மணி நேரம் ஆகும். 7.2 கிலோவாட் பெட்டியில் நாலரை மணி நேரத்தில் நிறைந்துவிடும். தினமும் 150, 200 கிலோமீட்டர் ஓடுகிற டாக்சிக்காரருக்கும், ஒரே வீட்டில் இரண்டு கார் வைத்திருப்பவருக்கும் அந்தப் பெட்டி தேவை. மாமாவுக்கு? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெட்டியில் வைஃபை உண்டு, போன் மூலம் பார்க்கலாம் என்கிறார்கள். பார்க்கலாம். வாசலுக்கு எழுந்து வந்தும் பார்க்கலாம்.

அக்காவின் கவலை

"கரண்டு பில் எவ்வளவு வரும்? அதைச் சொல்லு முதலில்" என்றாள் அக்கா.

நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு. முதல் 100 யூனிட் இலவசம். பிறகு படிப்படியாக ஏறும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் படிகள் செங்குத்தாகிவிடும். 2024 ஜூலை கட்டணப்படி 501-வது யூனிட்டிலிருந்து 600 வரை யூனிட்டுக்கு 8 ரூபாய் 55 காசு. 601-லிருந்து 800 வரை 9 ரூபாய் 65 காசு. ஆயிரத்தைத் தாண்டினால் 11 ரூபாய் 80 காசு.

அக்கா வீட்டில் இரண்டு மாதத்துக்கு 350 யூனிட் ஆகிறது. மாதம் 26 நாள் கார் ஓடினால், இரண்டு மாதத்தில் 2,080 கிலோமீட்டர். அதற்கு ஏறக்குறைய 330 யூனிட். ஆக மொத்தம் 680!

"ஐந்நூறைத் தாண்டிவிட்டதே, ஏங்க!" என்று அக்கா மாமாவைப் பார்த்தாள்.

தாண்டிவிட்டது, உண்மைதான். ஆனால் கணக்கை முடித்துப் பார்த்தால் கூடுதல் செலவு மூவாயிரம் ரூபாய்க்குள் அடங்குகிறது. அதே தூரத்தைப் பெட்ரோல் காரில் ஓடினால்? லிட்டருக்கு 15 கிலோமீட்டர், விலை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் பதினாலாயிரம் ரூபாய்! அக்காவின் முகம் தெளிந்தது.

இன்னொரு செய்தியும் உண்டு. காருக்கென்று தனி மின் இணைப்பு கேட்கலாம் என்று மத்திய அரசு 2024-ம் ஆண்டில் விதியைத் திருத்தியது. கேட்பவர்கள், எந்த வகைக் கட்டணம் போடுவார்கள் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு விண்ணப்பம் எழுதுங்கள்.

கம்பி தாங்குமா?

மாலையில் எலக்ட்ரீசியன் வந்தார். இளைஞர். எண்ணூர்க்காரர். மெயின் போர்டைத் திறந்ததும் நாக்கைச் சப்புக் கொட்டினார்.

"ஒருமுனை இணைப்பு, சார். பொதுவாக நாலு கிலோவாட் வரைக்கும்தான் கணக்கு. கார் மட்டுமே மூணேகால். ஏ.சி. ஒண்ணரை. இரண்டும் சேர்ந்து ஓடினால்?"

தாண்டிவிடும்! ஏழரை கிலோவாட் பெட்டி என்றால் சொல்லவே வேண்டாம். மும்முனை இணைப்புக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். (மின்வாரியத்தின் இந்தப் பிரிவுக்கு 2024 முதல் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்று பெயர். நம் வாயில் இன்னும் "வாரியம்"தான்.) அந்தச் செலவையும் பெட்டியின் விலையோடு சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். பலர் பார்ப்பதில்லை.

15 ஆம்பியர் பிளக்தான் என்றாலும் பழைய பிளக்கில் மாட்டிவிடக் கூடாது. ஏன் தெரியுமா? கீசர் இருபது நிமிடம் ஓடும், நின்றுவிடும். கார் மணிக்கணக்கில் ஒரே சீராக இழுக்கும். பிளக்கின் பித்தளை கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் சூடேறும். முதலில் கறுக்கும். பிறகு உருகும். எக்ஸ்டென்ஷன் பெட்டி இழுத்துக் காருக்கு மாட்டுவது அதைவிட ஆபத்து. ஒருபோதும் செய்யாதீர்கள்!

எலக்ட்ரீசியன் சொன்ன வழி இது. மெயின் போர்டிலிருந்து காருக்கென்று தனிக் கம்பி. தாமிரக் கம்பி, நாலு ஸ்கொயர். அதற்குத் தனியாக 20 ஆம்பியர் எம்.சி.பி. அதோடு 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. பிளக்கும் நீல நிறத்தில் வருகிற இன்டஸ்ட்ரியல் பிளக். 7.2 கிலோவாட் பெட்டி போடுகிறவர்களுக்கு ஆறு ஸ்கொயர் கம்பி, 40 ஆம்பியர் எம்.சி.பி.

ஆர்.சி.சி.பி. என்பது உயிர் காக்கும் கருவி. கம்பி வழியாகப் போன மின்சாரம் அப்படியே திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் குறைந்தாலும், "யார் உடம்பு வழியாகவோ தரைக்குப் போகிறது" என்று எடுத்துக்கொண்டு கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். வாங்கும்போது "ஏ" வகை என்று கேட்டு வாங்குங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் "ஏ.சி." வகை காருக்கு ஏற்றதல்ல.

எர்த் கம்பியைத் தோண்டிப் பார்த்தார். கையோடு வந்துவிட்டது! உப்புத் தண்ணீர், உப்புக் காற்று. இந்தக் கரையில் இரும்பு எத்தனை நாள் நிற்கும்? தாமிரப் பூச்சுள்ள புதிய எர்த் கம்பி இறக்க வேண்டும் என்றார். வருடத்துக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

அத்தை வாய் திறந்தார்

இவ்வளவு நேரமும் திண்ணையில் பேசாமல் இருந்தவர் மாமாவின் அம்மா. எனக்கு அத்தை முறை.

"எல்லாம் சரிப்பா. தண்ணி வந்தா?" என்றார்.

எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள்.

சடையங்குப்பத்தில் அந்தக் கேள்விக்கு விளக்கம் தேவையில்லை. 2015 டிசம்பரில் வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். பூண்டி ஏரி நிறைந்து உபரி நீரைத் திறந்தால், கொசஸ்தலை ஆறு கரை புரண்டு இந்தப் பக்கம்தான் வரும். 2023 வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெயும் சேர்ந்து மிதந்தது. அத்தையின் வீட்டுச் சுவரில் அந்த வருடத்துத் தண்ணீர்க் கோடு இன்னும் தெரிகிறது. என் இடுப்புக்கு மேலே இருக்கிறது!

மாமா கடைக்காரர் கொடுத்த தாளைக் காட்டினார். "ஐ.பி. 65 என்று போட்டிருக்கிறதே. தண்ணீர் புகாதாம், அம்மா."

அந்த எண்ணின் பொருளை நான் சொன்னேன். 65 என்றால் தூசி புகாது. குழாயால் பீய்ச்சி அடித்தாலும் தண்ணீர் புகாது. மழைக்குத் தாங்கும். முழுகினால் தாங்கும் என்று அதற்குப் பொருள் இல்லை! 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். நம் வெள்ளம் அரை மணியிலா வடிகிறது?

ஆகவே உயரம்தான் ஒரே வழி. பிளக், சுவிட்சு, எம்.சி.பி. எல்லாமே பழைய தண்ணீர்க் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். கீழே மீட்டர் பக்கத்தில் எதுவும் கூடாது. காருக்குப் போகும் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சு மாடிப்படியில் இருந்தால் இன்னும் நல்லது. தண்ணீருக்குள் இறங்காமலே அணைக்கலாம் அல்லவா? தண்ணீரில் நிற்கும் மின்சாரம் கண்ணுக்குத் தெரியாது.

புயல் எச்சரிக்கை வந்ததும் காரை நிறைய ஏற்றிவிட வேண்டும். பிறகு கேபிளைச் சுருட்டி மாடியில் வைத்துவிட்டு, சுவிட்சை அணைத்துவிட வேண்டும். காரை மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். 2023-ல் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தின்மேல் வரிசையாகக் கார்களை நிறுத்தியதைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் வடிந்த பிறகும் அவசரப்படக் கூடாது. எலக்ட்ரீசியன் மெக்கர் வைத்துக் கம்பிகளைச் சோதித்துச் சரி என்று சொன்ன பிறகுதான் காரை மாட்ட வேண்டும். வெள்ளத்தில் நின்ற காரானால் கம்பெனிக்காரர் பார்க்கும்வரை தொடவே கூடாது.

மாமா பெரிய பெட்டியை விட்டுவிட்டார். பிளக்குதான் என்று முடிவாயிற்று. வாரியத்தில் பளுவைக் கூட்டித் தரச் சொல்லி எழுதிக் கொடுப்பது என்றும், அது வரும்வரை ஏ.சி. போடுமுன் ஏழு மணிக்கு மாட்டி ஒன்பது மணிக்கு எடுத்துவிடுவது என்றும் பேசிக்கொண்டார்கள்.

எலக்ட்ரீசியன் சாக்பீஸை எடுத்தார். தண்ணீர்க் கோட்டுக்கு ஒரு முழம் மேலே சுவரில் அடையாளம் போட்டார்.

அத்தை திண்ணையிலிருந்து எழுந்து வந்தார். சாக்பீஸைக் கையில் வாங்கினார். கால் கட்டை விரலை ஊன்றி எம்பி, அதற்கும் ஒரு சாண் மேலே இன்னொரு கோடு போட்டார்.

"இங்கே போடுப்பா" என்றார்.