சேர் கஸ்டமருக்கு, நிற்பது தொழிலாளி: சலூன் ஊழியருக்கும் உட்கார சட்டம் இருக்கு

சென்னை,

ராயபுரம் கல்மண்டபத்தில் தொடங்கி திருவொற்றியூர் தேரடி, எண்ணூர் வரை தெருவுக்கு ஒரு சலூன் இருக்கிறது. காசிமேடு மீனவர், துறைமுக லாரி டிரைவர், கம்பெனியில் ஷிப்ட் முடித்து வருபவர் என எல்லோரும் வந்து உட்காரும் சேர் அங்கே உண்டு. ஆனால் அந்த சேருக்கு பின்னால் காலை முதல் இரவு வரை நிற்பவருக்கு பல கடைகளில் ஒரு ஸ்டூல் கூட கிடையாது. ஞாயிற்றுக்கிழமை என்றால் சாப்பிடக்கூட நேரம் இருக்காது.

இவர்களுக்கு என்ன சம்பளம், சட்டம் என்ன சொல்கிறது? விவரம் வருமாறு:-

பாதிக்கு பாதி

பழைய சலூன்களில் பெரும்பாலும் மாத சம்பளம் இல்லை. வருகிற காசில் ஓனருக்கு பாதி, வெட்டியவருக்கு பாதி. உதாரணத்துக்கு ஒரு கட்டிங் ரூ.150 என்று வைத்துக்கொள்வோம். 8 பேர் வந்தால் ரூ.1,200. தொழிலாளி கைக்கு ரூ.600. மூணு பேர்தான் வந்தார்கள் என்றால் ரூ.225 தான். கார்த்திகையில் பலர் மாலை போட்டுவிடுவார்கள், முடி வெட்ட வரமாட்டார்கள். அப்போது கூலி இன்னும் குறையும். காய்ச்சல் என்று படுத்தால் அன்று ஒன்றும் இல்லை.

ஏ.சி. பார்லர்களில் மாத சம்பளம் உண்டு. ஆனால் பேஷியல், கலரிங் என்று டார்கெட் வைப்பார்கள். அதை தாண்டினால்தான் இன்சென்டிவ்.

கால் வீக்கம்

நாள் முழுக்க நின்றால் கால் வீங்கும். நரம்பு சுருண்டு புடைத்துக்கொள்ளும். குனிந்தே வேலை செய்வதால் கழுத்தும் இடுப்பும் வலிக்கும். கிளவுஸ் போடாமல் டை கலக்கினால் கையில் அரிப்பும் புண்ணும் வரும்.

நாற்காலி சட்டம்

துணிக்கடை, நகைக்கடை ஊழியர்கள் நாள் முழுக்க நிற்கும் கஷ்டத்தை பார்த்து 2018-ல் கேரளா சட்டம் கொண்டு வந்தது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் சட்டசபையில் மசோதா தாக்கல் செய்தார். 1947-ம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி செய்து தரவேண்டும், வேலைக்கு நடுவில் வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார விடவேண்டும் என்பதுதான் திருத்தம்.

சலூன் இதில் வருமா? வரும். பொருள் விற்கும் இடம் மட்டும் கடை அல்ல, வாடிக்கையாளருக்கு சேவை செய்யும் இடமும் சட்டப்படி கடைதான்.

அதே சட்டத்தில் வேறு உரிமைகளும் உள்ளன:-

* நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. மேலே செய்தால் இரட்டிப்பு கூலி.

* 4 மணி நேர வேலைக்கு பிறகு 1 மணி நேரம் ஓய்வு.

* வாரத்தில் ஒரு முழு நாள் லீவு. பழைய கடைகளில் செவ்வாய்க்கிழமை லீவு வழக்கமாகவே இருக்கிறது.

* 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை காரணம் இல்லாமல், ஒரு மாத நோட்டீஸ் இல்லாமல் நிறுத்தக்கூடாது.

21.11.2025 முதல் அமலில் உள்ள ஊதிய சட்டப்படி மாத சம்பளத்தை அடுத்த மாதம் 7-ந்தேதிக்குள் தரவேண்டும். வேலையை விட்டு நின்றால் 2 வேலை நாளில் கணக்கு முடிக்கவேண்டும். எண்ணிக்கைக்கு கூலி வாங்குபவருக்கும் குறைந்தபட்ச கூலி உண்டு.

கேட்க பயம்

இவ்வளவு இருந்தும் ஏன் கிடைக்கவில்லை? ஒரு கடைக்கு இரண்டு, மூன்று பேர்தான். தனியாக கேட்டால் "நாளையில இருந்து வராதே" என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். பாதி பங்கு வாங்குபவர் தன்னை தொழிலாளி என்றே நினைப்பதில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு கட்டிங் போய்விடும் என்று அவரே நின்றுவிடுகிறார். சிறிய கடை ஓனரும் பக்கத்து சேரில் நின்று வெட்டுகிறார். வாடகையும் கரண்ட் பில்லும் அவர் தலையில்.

நலவாரிய அட்டை

2020 கொரோனா ஊரடங்கில் சென்னை சலூன்கள் 2 மாதத்துக்கு மேல் மூடிக்கிடந்தன. முடிதிருத்துவோர் நலவாரியத்தில் பதிவு செய்தவர்களுக்கு ரூ.2,000 நிவாரணம் கிடைத்தது. பதிவு செய்யாதவர்களுக்கான அறிவிப்பு பிறகுதான் வந்தது. அட்டை இருந்தால் பிள்ளைகள் படிப்பு, திருமணம், மூக்கு கண்ணாடி, விபத்து மரணம் ஆகியவற்றுக்கு உதவித்தொகையும், 60 வயதுக்கு பிறகு ஓய்வூதியமும் கேட்கலாம். 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் சேரலாம்.

புகார் சொல்ல தொழிலாளர் துறை இருக்கிறது. சென்னையில் அதன் தலைமை அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ளது. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் நேராக டி.எம்.எஸ். ஸ்டேஷனில் இறங்கலாம். எத்தனை நாள் வேலை, எவ்வளவு கைக்கு வந்தது என்று தினமும் ஒரு நோட்டில் எழுதி வைத்தால் புகார் கொடுக்கும்போது கைகொடுக்கும்.

ஒரு ஸ்டூல் போட ஓனருக்கு பெரிய செலவு இல்லை. அடுத்த முறை கட்டிங்குக்கு போகும்போது, வெட்டுபவருக்கு உட்கார இடம் இருக்கிறதா என்று நீங்களும் பாருங்கள்.