போருக்குள் பிள்ளைகள் – 9: முதலில் காற்று, அப்புறம் கழிப்பறை

சென்ற வாரம் உக்ரைனில் குண்டுக்கு இரையான பள்ளிகளைப் பார்த்தோம். இடியாமல் நிற்கிற பள்ளிகளின் நிலைமை வேறு. கூரை இருக்கிறது, கரும்பலகை இருக்கிறது, ஆசிரியர்களும் வரத் தயார். ஆனாலும் பிள்ளைகள் வர முடியாது. கட்டடத்துக்கு அடியில் பதுங்க இடம் இல்லை என்பதுதான் காரணம்.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை முழுவீச்சில் உள்ளே நுழைந்தது. அந்த ஆண்டின் செப்டம்பர் 1 நெருங்கியபோது பெற்றோருக்கெல்லாம் ஒரே கேள்வி. உக்ரைனில் அதுதான் கல்வியாண்டு தொடங்கும் நாள். பூவேலை செய்த சட்டையும் கையில் பூங்கொத்துமாகப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள், முதல் மணி அடிக்கும், ஊரே கூடி நின்று பார்க்கும். அந்த வருடம் அரசு கறாராக ஒரு நிபந்தனை வைத்தது. பதுங்குமிடம் உள்ள பள்ளியில்தான் நேரடி வகுப்பு. அதுவும் பதுங்குமிடத்தில் எத்தனை பேர் உட்கார முடியுமோ அத்தனை பேருக்குத்தான். 600 பேர் படிக்கும் பள்ளியின் நிலவறையில் 200 பேருக்குத்தான் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை ஒரு வாரம் பள்ளிக்கு வரும், இரண்டு வாரம் வீட்டில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும். நிலவறையே இல்லாத பள்ளி திறக்காது. ஆயிரக்கணக்கான பள்ளிகள் அப்படி ஆன்லைனுக்கே திரும்பின.

கொரோனாவையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு முதல் ஒன்றரை வருடம் நோய்த்தொற்று, அது ஓய்வதற்குள் போர். பக்கத்தில் உட்காரும் தோழன் யார் என்று தெரியாமலே எழுதப் படிக்கக் கற்ற பிள்ளைகள் அங்கே ஏராளம். ஆகவே ‘பதுங்குமிடம்’ என்றதும் உயிர் காக்கும் இடம் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்பதை முடிவு செய்வதே அதுதான்.

உக்ரைனிய விதிகள் பதுங்குமிடங்களைத் தரம் பிரிக்கின்றன. விஷ வாயுவையும் தடுக்கும்படி காற்றுப் புகாமல் மூடிக்கொள்ளும் கனமான அறைகள் ஒரு வகை. கதிர்வீச்சிலிருந்து காப்பவை இன்னொரு வகை. மூன்றாவது ‘எளிய பதுங்குமிடம்’, அதாவது பலப்படுத்திய சாதாரண நிலவறை. பெரும்பாலான பள்ளிகளுக்குக் கிடைத்தது இந்த மூன்றாவதுதான். அதற்கு முன் அங்கே உடைந்த பெஞ்சும் பழைய ஏடுகளும் கிடந்தன. சுவரெல்லாம் ஈரம், பூஞ்சை. மழலையர் பள்ளிகளின் நிலைமை இன்னும் மோசம். சோவியத் காலத்தில் ஒரே அச்சில் கட்டப்பட்ட அந்த இரண்டு மாடிக் கட்டடங்கள் பலவற்றில் நிலவறை என்று சொல்லத்தக்க ஒன்றே கிடையாது. தரைக்கு அடியில் குனிந்து போகிற அளவுக்கு ஓர் இடைவெளி, அதற்குள் வெந்நீர்க் குழாய்களும் கழிவுநீர்க் குழாய்களும். குண்டு விழுந்து அந்தக் குழாய் உடைந்தால் உள்ளே இருக்கிற குழந்தைகளின் கதி என்ன?

அரசு பணம் ஒதுக்காமல் இல்லை. 2023இல் பள்ளிப் பதுங்குமிடங்களுக்கென்று 150 கோடி ஹ்ரிவ்னியா ஒதுக்கியது, அடுத்து வந்த ஆண்டுகளில் தொகையைக் கூட்டியது. ஆனால் போர் நடத்தும் அரசின் கஜானா முதலில் போர்முனைக்குத்தான் திறக்கும். மீதியைத் தர்மப் பணம்தான் நிரப்ப வேண்டியிருந்தது. யுனிசெஃப் பல பள்ளிகளில் நிலவறைகளைச் சீர்செய்து கொடுத்தது. முன்னாள் கல்வி அமைச்சர் அன்னா நோவோசாத் கூட்டாளிகளோடு தொடங்கிய ‘சேவ்எட்’ என்ற அறக்கட்டளை, போர் மிதித்துப் போன கிராமங்களின் பள்ளிகளில் இறங்கி வேலை செய்கிறது. அரசே 2022 மே மாதம் தொடங்கிய ‘யுனைடெட்24’ நன்கொடைத் தளமும் பிறகு பள்ளிப் பதுங்குமிடங்களுக்காகக் கையேந்தியது. வெளிநாட்டு ரோட்டரி சங்கங்கள், ஐரோப்பிய நகராட்சிகள், புலம்பெயர்ந்த உக்ரைனியர்கள் என்று கொடுத்தவர்கள் பல தரப்பு. ஊருக்குள்ளேயே ‘பாங்கா’ திறப்பார்கள். அங்குள்ள மோனோபேங்க் செயலியில் யார் வேண்டுமானாலும் தொடங்கக்கூடிய உண்டியல் அது. லிங்க்கை அனுப்பினால் போதும், அவரவர் முடிந்ததைப் போடலாம். ஆனால் அதே செல்போனில் முன்னணிப் படைக்கு டிரோன் வாங்க, காயம்பட்டவரை ஏற்றிவர வண்டி வாங்க என்று நூறு உண்டியல்கள் வந்து நிற்கின்றன. அண்ணனோ அப்பாவோ போர்முனையில் நிற்கும் வீட்டில் நிலவறைக்கு மின்விசிறி வாங்கக் காசு கேட்பதற்கு ஓர் ஆசிரியைக்கு எவ்வளவு தயக்கம் இருக்கும்!

கிடைக்கிற அந்தப் பணத்தை எதில் போடுவது? என்னைப் பொறுத்தவரை முதலில் காற்று. அப்படிச் சொல்ல வைப்பது யாஹிட்னே.

செர்னிஹிவ் நகருக்குப் பக்கத்திலுள்ள சின்னக் கிராமம் அது. 2022 மார்ச்சில் ரஷ்யப் படையினர் ஊர் மக்கள் 300க்கும் மேற்பட்டோரைப் பள்ளிக்கூடத்தின் நிலவறைக்குள் அடைத்தார்கள். கிட்டத்தட்ட நான்கு வாரம். கைக்குழந்தைகளும் தொண்ணூறைக் கடந்தவர்களும் அதில் இருந்தார்கள். படுக்க இடமில்லை, உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். கழிப்பறைக்குப் பதில் வாளி. வெளியே தலைகாட்ட அனுமதி கிடைத்தால்தான் நல்ல மூச்சு. முதியவர்கள் ஒருவர் பின் ஒருவராக உள்ளேயே இறந்தார்கள். அவர்களைக் கொன்றது குண்டு அல்ல, காற்றில்லாமை. கதவின் ஒரு பக்கச் சுவரில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் பெயர்களை எழுதி வைத்தார்கள். மறுபக்கத்தில் நிலவறைக்குள் இறந்தவர்களின் பெயர்கள். நாள் தவறாமல் தேதியையும் சுவரில் கிறுக்கினார்கள். பிள்ளைகள் வரைந்த படங்கள் அதே சுவர்களில் இருக்கின்றன.

யாஹிட்னேயில் நடந்தது கொடுமை. அங்கே மக்கள் பிணைக்கைதிகள். வகுப்புக்காகப் பிள்ளைகள் தாமாக இறங்கும் நிலவறையை அதோடு ஒப்பிடக் கூடாதுதான். ஆனால் மூடிய அறையில் மனிதக் கூட்டத்துக்குக் காற்று எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகும் என்பதற்கு அதைவிடக் கடுமையான சாட்சியம் இல்லை. பள்ளி நிலவறையிலும் பிள்ளைகள் நெடுநேரம் அடைந்து கிடக்க நேர்கிறது. மிக்-31 ரகப் போர்விமானம் ஒன்று ரஷ்ய மண்ணில் மேலெழுந்தாலே உக்ரைன் முழுவதும் சைரன் ஊதும், அது சுமக்கும் கின்ஷால் ஏவுகணை எங்கே வேண்டுமானாலும் வந்து விழும் என்பதால். அது தரையிறங்கும்வரை பிள்ளைகள் கீழேதான். சில நாட்களில் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம்கூட ஆகும். இருநூறு பிள்ளைகள் அவ்வளவு நேரம் விடுகிற மூச்சில் தலைவலியும் தூக்கமும் வராமல் பாடம் நடத்த வேண்டுமானால், வெளிக்காற்றை உள்ளே தள்ளவும் உள்காற்றை வெளியே இழுக்கவும் குழாயும் விசிறியும் வேண்டும். 2022 அக்டோபரிலிருந்து ரஷ்யா மின்நிலையங்களைக் குறிவைத்து அடிக்கத் தொடங்கியபின் அந்த விசிறி ஓட மின்சாரமும் நம் கையில் இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. ஜெனரேட்டரோ பெரிய பேட்டரியோ இல்லாத பதுங்குமிடத்தில் விளக்கும் அணையும், காற்றும் நிற்கும்.

அடுத்தது கழிப்பறை. நிலவறையில் கழிப்பறை இல்லையென்றால் ஒரு மூலையில் திரை கட்டி வாளி வைப்பதைத் தவிர வழியில்லை. பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை, வகுப்பே உட்கார்ந்திருக்கிற அறையில் அந்தத் திரைக்குப் பின்னால் போவாளா? மூன்று மணி நேரம் அடக்கிக்கொண்டிருப்பாள், மறுநாள் தண்ணீர் குடிக்காமல் பள்ளிக்கு வருவாள். தண்ணீர்க் குழாய் இழுப்பது, கழிவை மேலேற்றும் பம்ப் வைப்பது எல்லாம் செலவு பிடிக்கிற வேலை. படம் எடுத்துப் போட ஒன்றும் இருக்காது. ஆகவேதான் இதற்குக் காசு சேர்வது கடினம்.

மழலையர் பள்ளிக்கு வருவோம். அங்கே குழந்தைகள் நாள் முழுக்க இருக்கிறார்கள். காலைச் சாப்பாடு, விளையாட்டு, மதியச் சாப்பாடு, பிறகு கட்டாயமாக மதியத் தூக்கம். சைரன் அந்த நேரத்தில் ஊதினால்? உள்ளாடையோடு தூங்கும் மூன்று வயதுக் குழந்தைகள் இருபது பேர். ஆசிரியையும் உதவியாளரும் எழுப்ப வேண்டும், குளிர்காலமென்றால் ஸ்வெட்டர் மாட்ட வேண்டும், படியில் கைபிடித்து இறக்க வேண்டும், கீழே போனதும் தலை எண்ண வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய ஒரு சின்னப் பை ஆணியில் தொங்கும். தண்ணீர், பிஸ்கட், மாற்றுத்துணி, பிரியமான ஒரு பொம்மை, கூடவே பெயரும் அப்பா அம்மா செல் நம்பரும் எழுதிய சீட்டு. அந்தச் சீட்டு எதற்கென்று குழந்தைக்குத் தெரியாது. எழுதிய தாய்க்குத் தெரியும்.

இதனால்தான் பல மழலையர் பள்ளிகள் மதியத் தூக்கத்தையே கீழே மாற்றிவிட்டன. அதற்கு மடக்குக் கட்டில்கள் வேண்டும், தரையில் குளிர் ஏறாமல் விரிப்பு வேண்டும், உயரம் குறைந்த படிக்கு உயரம் குறைந்த கைப்பிடி வேண்டும், சின்னப் பிள்ளைகள் உட்காரும் பிளாஸ்டிக் மலத்தொட்டிகள் வேண்டும். பெரியவர்களுக்காக அமைத்த பதுங்குமிடத்தில் இவை எதுவும் இருக்காது. பதுங்குமிடமே இல்லாத வீடுகளில் ‘இரண்டு சுவர்’ விதிதான் கதி: தெருவுக்கும் உனக்கும் நடுவே இரண்டு சுவர் இருக்கும்படி நடைவழியில் உட்கார். முதல் சுவர் அதிர்வைத் தாங்கும், இரண்டாவது சில்லுகளைத் தடுக்கும்.

சுவரில் சித்திரம் தீட்டுவதையும் பொம்மை வாங்கித் தருவதையும் நான் குறை சொல்லவில்லை. இருட்டுக்குப் பயப்படும் குழந்தைக்கு மஞ்சள் சுவரும் நல்ல வெளிச்சமும் மருந்துதான். ஆனால் வரிசை முக்கியம். ஒரே ஒரு வாசல் உள்ள நிலவறையில் யானைப் படம் வரைந்து திறப்பு விழா நடத்துவது தவறு. கட்டடம் சரிந்து அந்த ஒரு வாசல் அடைபட்டால் அது கல்லறை. இரண்டாவது வாசல் வெட்டுவதற்கு வரைபடம் வேண்டும், பொறியாளர் வேண்டும், அவசரகால மீட்புத்துறையின் சோதனை வேண்டும், மாதங்கள் ஓடும். அதுவரை கூடவே நிற்கிற நன்கொடையாளர்தான் பள்ளிக்குத் தேவை. கடப்பாரையும் மண்வெட்டியும் தீயணைப்பானும் உள்ளே இருக்க வேண்டும் என்பதும் அந்த வரிசையில் மேலே வருவது.

எல்லாம் செய்தும் ஒரு பூட்டு எல்லாவற்றையும் வீணாக்கிவிடும். 2023 ஜூன் 1, அங்கே குழந்தைகள் தினம். விடியுமுன் கீவ் நகரின் டெஸ்னியான்ஸ்கி பகுதியில் சைரன் கேட்டு மக்கள் ஒரு மருத்துவமனையின் பதுங்குமிடத்துக்கு ஓடினார்கள். கதவு பூட்டியிருந்தது. தட்டினார்கள், திறக்கவில்லை. வாசலிலேயே ஒன்பது வயதுச் சிறுமியும் அவள் தாயும் இன்னொரு பெண்ணும் கொல்லப்பட்டார்கள். அதன்பிறகுதான் நாடு முழுவதும் பதுங்குமிடங்களைத் திறந்து பார்த்துச் சோதித்தார்கள். சாவி யாரிடம், அவர் வராத நாளில் யாரிடம் என்ற கேள்விக்குப் பதில் எழுதி வைக்காத பதுங்குமிடத்துக்கு ஒரு காசும் கொடுக்கக் கூடாது என்பேன்.

ரஷ்ய எல்லைக்கு 30 கிலோமீட்டர் அருகிலுள்ள ஹார்கிவ் நகரில் நிலவறையும் போதவில்லை. ரஷ்ய மண்ணிலிருந்து புறப்படும் ஏவுகணை ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடுகிறது, சைரனுக்கு முன்பே வெடிக்கிறது. கீழே இறங்க நேரமில்லை என்றால் பிள்ளைகள் முதலிலிருந்தே கீழே இருக்க வேண்டும். 2023 செப்டம்பரில் அந்த நகராட்சி மெட்ரோ நிலையங்களின் மேல்தளக் கூடங்களைத் தடுத்து வகுப்பறைகளாக்கியது. பேருந்தில் கூட்டிவந்து ஷிஃப்ட் முறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்கள். 2024 மே மாதம் மண்ணுக்கடியில் தனிப் பள்ளியே திறந்தார்கள்; இரண்டு ஷிஃப்டில் 900 பேர். நேரடிக் குண்டைச் சாதாரண நிலவறை தாங்காது என்பது முன்பே தெரிந்த உண்மைதான். 2022 மே 7 அன்று பிலோஹோரிவ்கா கிராமத்துப் பள்ளியில் பதுங்கியிருந்த சுமார் 90 பேரில் ஏறக்குறைய 60 பேர் குண்டுவீச்சில் இறந்ததாக அஞ்சப்பட்டது.

ஆனால் இதையும் பாருங்கள். 2025 அக்டோபர் 22, அதே ஹார்கிவ். பகல் நேரத்தில் ரஷ்ய டிரோன் ஒரு தனியார் மழலையர் பள்ளி மீது விழுந்தது. கட்டடம் தீப்பற்றியது. ஒருவர் இறந்தார், சிலர் காயமடைந்தார்கள். அந்த நேரத்தில் உள்ளே இருந்த 48 குழந்தைகளும் பதுங்குமிடத்தில் இருந்தார்கள். மீட்புப் படையினர் அவர்களைக் கையில் தூக்கிப் புகைக்கு நடுவே வெளியே கொண்டுவந்தார்கள். 48 பேருக்கும் உடலில் காயமில்லை.

போர்க்காலப் பள்ளிகளுக்கு உதவ நினைக்கும் வாசகர்கள், ரோட்டரி போன்ற சங்கங்களில் இருப்பவர்கள், பணம் அனுப்புமுன் அந்த அமைப்புக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இந்தப் பணத்தில் காற்றோட்டம் உண்டா, கழிப்பறை உண்டா, இரண்டாவது வாசல் உண்டா, தேவைப் பட்டியலைப் போட்டது தலைமையாசிரியையா என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு கொடுங்கள்.

(தொடரும்)