நிசினுக்கு வலுவூட்டிய ஆராய்ச்சி

பாலைப் புளிக்கச் செய்யும் லாக்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா ஈனும் நிசின், 34 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலியாகும். பிற பாக்டீரியாக்கள் சிலவற்றின் சவ்வைத் துளைத்துக் கொல்லுமாதலின், பாலாடைக்கட்டி கெடாதிருக்க இதனைச் சேர்ப்பர்.

அயர்லாந்தின் கார்க் நகர ஆராய்ச்சியாளர் இதன் வலுவைப் பெருக்க முயன்றனர். சங்கிலி கீல்போல் மடங்கும் 20, 21, 22ஆம் இடங்களில், மரபணுவைத் திருத்தி வேறு அமிலங்களைப் புகுத்தினர். இவ்வாறு மாறிய பாக்டீரியாக்களைத் தட்டில் வளர்த்து, மேலே நோய்க்கிருமியைப் பரப்பினால், நிசின் பரவிய இடத்தில் கிருமி வளராத வளையம் தோன்றும்.

வளையம் பெரிதாயின் நிசின் வலியதென்று உடனே தீர்ப்பளிக்கலாகாது. அது மிகுதியாகச் சுரந்தாலும் வளையம் பெருகும். எடையிடாமல் நூற்கட்டின் பருமனைக் கண்டு விலைபேசுவார் நம்மில் இல்லையே! எனவே, நிசினைத் தூய்மையாகப் பிரித்து, சம அளவில் ஒப்பிட்டனர். 2008இல் வெளியான முடிவின்படி, 22ஆம் இடத்து லைசினுக்குப் பதிலாகத் திரியோனின் அமைந்த வகை, கறவை மாட்டின் மடிநோய்க்குக் காரணமாகும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியொன்றைப் பழைய நிசினினும் வலிதாய் அடக்கியது. தட்டில் கண்ட இவ்வலு மடியில் எவ்வளவு நிற்கும் என்பது தனியே சோதிக்கத்தக்கது.