ஓடம் செலுத்திய பூங்குழலி

கடல் கடந்து பொருளீட்டுதல் தமிழர்க்குப் புதிதன்று. நெல்வயல்கள் சூழ்ந்த கூத்தாநல்லூரிலும் அவ்வழக்கம் வேரூன்றியிருந்தது. அவ்வூரார் பலர் தலைமுறை தலைமுறையாக மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று வாணிகம் செய்தனர். நாகப்பட்டினத் துறையில் 'ரஜூலா' என்னும் கப்பலேறிப் பினாங்கு நோக்கிச் சென்ற காலத்தை முதியோர் சொல்லக் கேட்கலாம். அங்ஙனம் சென்றோருள் பெரும்பாலோர் ஆடவரே. மகளிர் கரையில் நின்று வழியனுப்பினர். பின்னர்க் கடிதத்தின் வரவை எதிர்நோக்கியிருந்தனர்.

இது மிகப் பழைய வழக்கம். மகளிரை உடன்கொண்டு கடற்பயணம் செய்தல் மரபன்று எனத் தொல்காப்பியப் பொருளதிகாரம் கூறுகிறது. கரிகாலன் மகள் எனப்படும் ஆதிமந்தி, காவிரி வெள்ளம் ஈர்த்துச் சென்ற தன் காதலன் ஆட்டனத்தியைத் தேடி நெடுந்தொலைவு சென்றாள். அவளும் கடற்கரையை அடைந்தாளேயன்றிக் கலம் ஏறினாள் அல்லள்.

இம்மரபை மீறிய ஒரு பெண்ணைத் தமிழுக்குத் தந்தவர் கல்கி. மாயூரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் 1899-இல் பிறந்த அவர், 1950 முதல் 1954 வரை தம் வார இதழில் எழுதிய வரலாற்றுப் புதினம் 'பொன்னியின் செல்வன்'. ஐந்து பாகங்களைக் கொண்ட அப்பெருங்கதையில் அரசிளங்குமரியரும் அரண்மனைச் சூழ்ச்சிகளும் மிகுதி. ஆயினும் படிப்பவர் உள்ளத்தில் விரைந்து இடம் பெறுபவள் கோடிக்கரைப் பூங்குழலியே.

கூத்தாநல்லூரிலிருந்து திருத்துறைப்பூண்டி வழியாகத் தென்கிழக்கே சென்றால் வேதாரணியத்தை அடையலாம்; அதற்கும் அப்பால் நிலம் முடியும் முனையே கோடியக்கரை. ஒருபுறம் காடு, ஒருபுறம் உப்பளமும் சதுப்பும், எதிரே கடல். சுந்தரர் பதிகம் பெற்ற குழகர் கோயில் அங்கே உள்ளது. சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட கலங்கரை விளக்கத்தின் சிதைந்த செங்கற்பகுதியும் இருந்தது. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை அதனைச் சாய்த்துவிட்டது. கலங்கரை விளக்கக் காவலர் தியாகவிடங்கரின் மகளாகவே பூங்குழலியைக் கல்கி படைத்தார். சதுப்பிலிருந்து எழும் வாயு இருளில் தீப்பற்றித் தோன்றுவதைக் கொள்ளிவாய்ப் பேய் என்று மக்கள் அஞ்சுவர். பூங்குழலியோ அவற்றைத் தன் காதலர் என்று கூறி நகைக்கிறாள்! அவள் நெஞ்சத் துணிவைக் காட்ட இவ்வொன்றே போதும்.

கோடியக்கரைக்கும் இலங்கையின் வடகரைக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் கடல் உண்டு. வந்தியத்தேவனை ஏற்றிக்கொண்டு இரவில் அக்கடலில் துடுப்பு வலிக்கிறாள் அவள். வாள்வீரனாகிய அவனோ நீந்தத் தெரியாதவன். நிலத்தில் வீறுகொண்டு பேசியவன் நடுக்கடலில் அவளையே நம்பியிருக்க வேண்டியதாயிற்று. கல்கியின் குறும்பு இங்கே நன்கு விளங்குகிறது. பின்னர்ச் சுழற்காற்று வீசி மரக்கலம் எரிந்தபோது, பாய்மரத் துண்டைப் பற்றி மிதந்த இளவரசர் அருள்மொழிவர்மரையும் வந்தியத்தேவனையும் தன் ஓடத்தில் ஏற்றிக் காப்பாற்றுபவளும் அவளே.

அவள் உள்ளத்திலும் ஒரு புயல் இருந்தது. இளவரசர்மீது அவள் கொண்ட அன்பு ஈடேறத்தக்கது அன்று. பேச இயலாத அவள் அத்தை மந்தாகினி, முன்னொரு நாள் அரச குலத்தானை நேசித்துத் தனிமையில் வாடியவள்; அத்தையின் வாழ்வே மருமகளுக்கு எச்சரிக்கையாக நின்றது. எனினும் காய்ச்சலுற்ற இளவரசரை நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தில் சேர்க்கும் பொறுப்பைப் பூங்குழலி தயங்காது ஏற்றாள். கால்வாய் வழியே ஓடம் சென்றது. உடன் வந்தவன் சேந்தன் அமுதன். பூத்தொடுத்துத் தேவாரம் பாடும் அவ்வெளியவன் நெடுநாளாக அவளை நேசித்தவன். அரண்மனைக் கனவை விடுத்து அவனையே அவள் மணக்கத் துணிகிறாள். அவனே கண்டராதித்தரின் மகன் என்பது வெளிப்பட்டு, மணிமுடியும் அவனைச் சேர்கிறது. முடி கிடைத்த நிகழ்ச்சியினும், அதற்கு முன் அவள் செய்த தெரிவே உயர்ந்ததாக நமக்குப் படுகிறது.

இதில் வரலாறு எவ்வளவு? பூங்குழலி முழுதும் கற்பனை. செம்பியன் மாதேவியின் மைந்தர் உத்தம சோழர் ஆண்டதும், அருள்மொழிவர்மர் அவருக்காக அரசுரிமையை விட்டுக்கொடுத்ததும் செப்பேட்டுச் சான்று உடையவை. பின்னதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. 985-இல் இராசராசர் என்னும் பெயருடன் அரியணை ஏறியவர் அந்த அருள்மொழிவர்மரே. சூடாமணி விகாரத்தைப் பற்றி ஒரு செய்தியை மறத்தலாகாது. ஸ்ரீவிசய நாட்டு மன்னர் தம் தந்தையின் பெயரால் எடுத்த அவ்விகாரத்திற்கு இராசராசர் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கியதை லெய்டன் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. கதை நிகழ்வதோ அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பு. தம் கதைக்கு வேண்டி, முன்பே அங்கு விகாரம் இருந்ததாகக் கல்கி அமைத்துக்கொண்டார். நாகப்பட்டினத்தில் நின்ற பழைய பௌத்தக் கோபுரம் ஒன்று, கடலில் வரும் மாலுமிகளுக்கு நெடுங்காலம் கரை காட்டி உதவியது. 1867-இல் அது இடிக்கப்பட்டது.