சார்ஜருக்குள் இருக்கும் ஐந்து மில்லிமீட்டர்

எனக்குச் சொந்த ஊர் பெரம்பலூர் பக்கம்; கடை அரியலூரில். செல்போன் சார்ஜர், எல்.இ.டி. பல்பு, மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் மருந்தடிக்கிற பேட்டரி ஸ்பிரேயர் என்று பழுது பார்க்க வருகிற எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிடுவது என் வழக்கம். "சார்ஜ் ஏறுதுல்ல அண்ணே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்களிடம், ஏறுவது பாதி வேலைதான் என்பேன். சுவரிலிருந்து வருகிற 230 வோல்ட்டை, நம் கை படுகிற ஒயருக்கு வரவிடாமல் தடுப்பது மீதிப் பாதி. அந்தப் பாதி வெளியே தெரியாது.

மூடியைப் பிரித்தால் போர்டு இரண்டு பகுதியாக இருக்கும். ஒரு பக்கம் லைன் கரண்ட், மறுபக்கம் 5 வோல்ட். நடுவே செம்புக் கோடு எதுவும் ஓடாத இடைவெளி ஒன்று உண்டு. ஒழுங்கான சார்ஜரில் இது 5 மில்லிமீட்டராவது இருக்கும். சிலர் போர்டையே அறுத்துக் காடி விட்டிருப்பார்கள். இந்த எல்லையைத் தாண்டி உட்காரும் டிரான்ஸ்பார்மருக்கும் ஒய் வகைக் கெபாசிட்டருக்கும் தனிச் சோதனைகள் இருக்கின்றன. ஒய் வகை என்றால், கெட்டுப்போனாலும் ஷார்ட் ஆகிவிடக் கூடாது என்றே வடிவமைத்தது. பெட்டிக்கடையில் தொங்குகிற மலிவுச் சார்ஜரைத் திறந்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. இடைவெளி ஒரு மில்லிமீட்டர் இருக்கும். பியூஸ் இருக்காது. ஒய் வகை இருக்க வேண்டிய இடத்தில் சாதாரணக் கெபாசிட்டர் இருக்கும். அது ஷார்ட் ஆனால் 230 வோல்ட் நேரே ஒயருக்கு, போனுக்கு, அதைப் பிடித்திருக்கும் பிள்ளையின் கைக்கு வந்துவிடும்.

எங்கள் ஊருக்கு இது இன்னும் முக்கியம். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடுகிற சாலையோர வீடுகளிலிருந்து வரும் சாமான்களுக்குள் சாம்பல் நிறத்தில் தூசு படிந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரம் அதன்மேல் சேர்ந்தால் மின்சாரம் ஊர்ந்துபோக அது வழியாகிவிடும். தூசையும் ஈரத்தையும் கணக்கில் வைத்துத்தான் அந்த இடைவெளியை நிர்ணயித்திருக்கிறார்கள். பிறகு நியூட்ரல் அறுந்துபோகிற தொல்லை. 230 இருக்க வேண்டிய வீட்டில் 400 வோல்ட்டை நெருங்கிவிடும். பியூஸ் இருக்கிற சார்ஜர் பெரும்பாலும் அத்தோடு அடங்கும். இல்லாதது வெடிக்கும்.

சார்ஜருக்கான பழைய இந்தியத் தரம் ஐ.எஸ். 13252; ஐ.இ.சி. 62368 என்ற புதிய தரமும் வந்திருக்கிறது. பழைய தரத்தின்படி ஆய்வகத்தில் என்ன செய்கிறார்கள் என்று சொன்னால் கடைக்கு வருகிறவர்கள் நம்புவதில்லை. 93 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் இரண்டு நாள் வைக்கிறார்கள். பிறகு லைன் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் இடையே 3,000 வோல்ட் கொடுத்து ஒரு நிமிடம் பார்க்கிறார்கள். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கீழே போடுகிறார்கள். உள்ளே இருக்கும் பாகங்களை ஒவ்வொன்றாக வேண்டுமென்றே ஷார்ட் செய்கிறார்கள். சார்ஜர் செத்துப்போகலாம், தீ மட்டும் வெளியே வரக் கூடாது. இந்தக் கடைசிச் சோதனைதான் எனக்கு மிகப் பெரியதாகப் படுகிறது. ஒழுங்காக வேலை செய்யும்போது எல்லாச் சார்ஜரும் நல்ல சார்ஜர்தான்.

ஒரு பொருள் இப்படிப் பாதுகாப்பானதா என்பதைச் சோதிப்பது வேறு, அது வெளியே விடுகிற மின்காந்த இரைச்சலை அளப்பது வேறு. சென்னை தரமணியில் உள்ள மத்திய அரசின் சமீர் மையம் இந்த இரண்டாவது வேலைக்குப் பேர்போனது. சார்ஜ் போட்டதும் போனில் டச் தானாகத் தாவுகிறதா? பெரும்பாலும் அந்த இரைச்சல்தான் காரணம்.

மின்னணுச் சாமான்களுக்குக் கட்டாயப் பதிவு என்ற ஆணை 2012-இல் வந்து 2013 ஜூலையில் நடைமுறையானது. முதலில் டி.வி., மடிக்கணினி உள்ளிட்ட 15 வகைகள். சார்ஜர், பவர் பேங்க், எல்.இ.டி. பல்பு எல்லாம் 2014-இல் அறிவித்த இரண்டாவது பட்டியலில் சேர்ந்தன. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் தேறினால்தான் இந்தியத் தர நிர்ணய அமைவனம் (பி.ஐ.எஸ்.) பதிவு எண் தரும். ஆர் என்ற ஆங்கில எழுத்து, ஒரு கோடு, பிறகு எட்டு இலக்கம். 'சி.இ.' என்று போட்டிருப்பதைக் காட்டி விற்பவர்கள் உண்டு. அது ஐரோப்பியச் சந்தைக்குத் தயாரிப்பாளர் தானே அறிவித்துக்கொள்வது. இங்கே சார்ஜருக்கு அது போதாது. அயர்ன் பாக்ஸ், வாட்டர் ஹீட்டர் ராடு, சுவிட்சு, ஒயர் இவற்றுக்குப் பழைய ஐ.எஸ்.ஐ. முத்திரையே கட்டாயம், அதன் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். எண் இல்லாத வெறும் முத்திரையை நம்பாதீர்கள்.

முத்திரையையே போலியாக அச்சடிப்பவர்களைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. பி.ஐ.எஸ். கேர் என்ற இலவசச் செயலியில் எண்ணைத் தட்டினால், அது எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று வந்துவிடும். நகைக்கடையில் லென்ஸ் கேட்டு ஹால்மார்க் எண்ணைப் பார்க்கிற நம் பெண்களுக்கு அந்த எண்ணைச் சரிபார்க்கிற செயலியும் இதுதான். ஒரு சவரன் சங்கிலிக்குச் செலவிடுகிற அந்த இரண்டு நிமிடத்தைத் தலைமாட்டில் செருகுகிற சார்ஜருக்கும் செலவிடுங்கள்.

என்னைப் போன்ற கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பதிவு கட்டாயமான பொருளை முத்திரையில்லாமல் தயாரிப்பது மட்டுமல்ல, விற்பதும் 2016-ஆம் ஆண்டு இந்தியத் தர நிர்ணய அமைவனச் சட்டப்படி குற்றம். எண் இல்லாத சரக்கு வந்தால் மொத்த வியாபாரிக்கே திருப்பி அனுப்புங்கள். வாங்குகிறவர்கள் பில் கேளுங்கள். ஏமாந்தால் அதே செயலியிலோ, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலோ புகார் கொடுக்கலாம்.