மட்டாஞ்சேரியின் மெஹ்பூப்

திரையில் நடிகர் வாயசைக்க, ஒலிப்பதிவுக் கூடத்தில் முன்னரே பாடிவைத்த குரலை அதனோடு பொருத்துவதே பின்னணி பாடுதல் எனப்படும். மலையாளத் திரையுலகில் அக்கலை வேரூன்றிய தொடக்க ஆண்டுகளில் ஒலித்த குரல்களுள் ஒன்று, கொச்சி மட்டாஞ்சேரியைச் சேர்ந்த எச். மெஹ்பூபினுடையது (1926–1981). 1951இல் வெளிவந்த ‘ஜீவித நௌகா’வில் தொடங்கிய அவர், இந்தி மெட்டுகளைத் தழுவும் வழக்கத்திலிருந்து விலகிக் கே. ராகவன் நாட்டுப்புற இசையைக் கொணர்ந்த ‘நீலக்குயில்’ (1954) படத்திலும் பி. பாஸ்கரனின் வரிகளைப் பாடினார். எனினும் அவருடைய உண்மையான அரங்கு திருமண வீடுகளும், ஆர்மோனியமும் தபலாவும் சூழ இரவெல்லாம் நீளும் மெஹ்ஃபில் என்னும் இசைக்கூட்டங்களுமே என்பது மிகையன்று. அருகிலுள்ள ஃபோர்ட் கொச்சியில் 1940இல் பிறந்த யேசுதாஸ் தம் முதல் பாடலைப் பதிவு செய்த 1961இல், மெஹ்பூப் திரைக்கு வந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன.