செல்லுக்கு ஏது மேல், கீழ்?

'உடம்பிலேயே மேல், கீழ் இருக்கு. சமூகத்தில் இருந்தால் என்ன?' தலை, தோள், தொடை, பாதம் என மனிதர்களைப் பிரித்த பழைய வாதம் இப்போது விஞ்ஞான வேஷம் கட்டிக்கொண்டு வருகிறது. உடம்புக்குள்ளேயே போய்ப் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

குடலின் உட்சுவர், சிறுநீரகக் குழாய், தோல் இவற்றின் பரப்பை மூடியிருக்கும் செல் படலத்துக்கு எபிதீலியம் என்று பெயர். குடல் செல்லை எடுத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு முகம். குடலின் உள்வெளியைப் பார்த்திருப்பது உச்சிப்புறம். திசுவில் ஊன்றியிருப்பது அடிப்புறம். உச்சியால் சத்தை வாங்கி அடிவழியாக இரத்தத்தின் பக்கம் தள்ளுகிறது. இந்தத் திசையறிவைத்தான் துருவத்தன்மை என்கிறோம். சரி, எது உச்சி எது அடி என்று யார் சொல்லிவைத்தது?

பழ ஈயின் கருவில் முதலில் தனித்தனிச் செல்களே கிடையாது. சுமார் 6000 உட்கருக்கள் முட்டையின் ஓரமாக வந்து நிற்கும். மூன்றாவது மணி நேரத்தில் இடையிடையே சவ்வு இறங்கிச் செல்களைப் பிரிக்கும். அப்போதே பஸூக்கா என்னும் புரதம் உச்சிப் பக்கம் சேர்கிறது. பக்கச்சுவரில் பார்-1 என்ற நொதி இருக்கிறது. பஸூக்கா அங்கே வந்தால் அதன்மேல் பாஸ்பேட்டை ஒட்டிவிடும். ஒட்டியபின் அதனால் அங்கே தங்கமுடியாது. உச்சியிலோ ஏபிகேசி என்ற நொதி எதிர்த்தரப்பின் எல்ஜிஎல் புரதத்துக்கு இதையே செய்து சவ்விலிருந்து கழற்றிவிடுகிறது. அவ்வளவுதான். ஒன்றையொன்று விலக்குவதாலேயே உச்சியும் அடியும் உண்டாகின்றன. ஆணையிடும் மையம் ஏதுமில்லை. குறிகள் வேறுபாட்டால் பொருள்பெறுகின்றன என்ற சசூரின் கருத்து நண்பர்களுக்கு நினைவுவரலாம். இங்கே அந்த வேறுபாடு ஓயாத தள்ளுமுள்ளு.

விலக்கல் எல்லையைக் காக்கும். எந்தப் பக்கம் உச்சி என்பதற்குச் சூழலும் சாட்சி சொல்லவேண்டும். 1958இல் ஒரு நாயின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட எம்டிசிகே செல்கள் இதற்கு நல்ல உதாரணம். திரவத்தில் மிதக்கவிட்டால் அவை உள்ளீடற்ற உருண்டையாகக் கூடும். உச்சி வெளியே பார்த்திருக்கும். அதே உருண்டையைக் கொலாஜன் கூழில் பதித்தால் உச்சி உள்பக்கத்துக்கு இடம் மாறிவிடும். செல் அதேதான், மரபணுவும் அதேதான். பிறப்பிலேயே எழுதப்பட்ட உச்சி எங்கே?

இதைக் கேட்டுவிட்டு, 'அப்படியானால் துருவங்களை எல்லாம் உடைத்துவிடலாம்' என்று தோழர்கள் கிளம்பிவிடக் கூடாது. பழ ஈப் புழுவில் எல்ஜிஎல், ஸ்க்ரிபிள், டிஸ்க்ஸ் லார்ஜ் ஆகிய மூன்று மரபணுக்களில் ஒன்று போனாலும், இறகாகவும் காலாகவும் ஆகவேண்டிய திசு படல ஒழுங்கை இழந்து கட்டியாகப் பெருகுகிறது. இம்மூன்றும் ஒரே வேலையில் கூட்டாளிகள் என்று டேவிட் பில்டரும் சகாக்களும் 2000இல் காட்டினார்கள். துருவம் அழிந்த இடத்தில் சமத்துவம் வரவில்லை, புற்று வந்தது. ஆகவே செல்லிடமிருந்து நம் தரப்புக்கும் கோஷம் கடன்வாங்க முடியாது.

ஒன்று மட்டும் சொல்லலாம். குடல் செல்லின் உச்சி அடியைவிட உசத்தி இல்லை. இரண்டும் வேலைப் பிரிவின் பெயர்கள். மேல், கீழ் என்ற சொற்களைச் செல்லுக்குக் கொடுத்தது நாம். கொடுத்ததையே திருப்பி வாங்கிவந்து, 'பாருங்கள், இயற்கையே சொல்கிறது' என்பது மோசடி.